மெழுகில் நிற்கும் 24 மெட்டுகள் - தஞ்சாவூர் வீணையின் கதை

கிட்டார் வாங்குவது இன்று பெரிய வேலையில்லை. கடைக்குப் போனால் சுவரில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். ஆறு தந்தியா, பன்னிரண்டு தந்தியா, எவ்வளவு விலைக்குள் வேண்டும் என்று கேட்பார்கள். ஒன்றை எடுத்து மடியில் வைத்து மீட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் அன்றைக்கே உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதன் கழுத்தில் எந்தக் கட்டை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது.

தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர் கதை வேறு. பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மரவேலை எல்லாம் முடிந்து பளபளவென்று நின்றாலும் அது இன்னும் வீணை ஆகவில்லை. ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து, மெழுகை இளக்கி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். அதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். அது முடிந்த பிறகுதான் அந்த மரம் பாடும்.

அது ஏன் 24? இரும்பில் அடித்து இறுக்காமல் எதற்காக மெழுகில் வைத்தார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் நானூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

யாழுக்கு மெட்டு கிடையாது

தமிழர்களின் பழைய நரம்புக் கருவி யாழ். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று நூல்கள் சொல்கின்றன. ஏன் இவ்வளவு நரம்பு? யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். இன்னொரு சுரம் வேண்டுமென்றால் இன்னொரு நரம்பு கட்ட வேண்டும். வழக்கொழிந்துபோன இந்தக் கருவியைப் பற்றி மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ்நூல்' 1947-இல் நம் காவிரிக் கரைப் பக்கம்தான் அரங்கேறியது. தஞ்சாவூர் கரந்தைத் தமிழ்ச் சங்கம்தான் அதை வெளியிட்டது.

வீணை இதற்கு நேர் எதிரான யோசனையில் பிறந்தது. நரம்பைக் கூட்டாமல் ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்தினால் வெவ்வேறு சுரம் வரும் அல்லவா? அழுத்துகிற இடத்தில் ஒரு சிறு உலோகத் துண்டை வைத்துவிட்டால் சுரம் துல்லியமாக நிற்கும். அதுதான் மெட்டு. கிட்டாரில் 'ஃப்ரெட்' என்பார்கள்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் உடனே ஒரு சிக்கல் வந்தது. மெட்டை எங்கே வைப்பது?

1550-இல் ஒரு வீணை வாங்குவதாக இருந்தால்...

விஜயநகரத்தில் இராமாமாத்தியர் என்பவர் 1550-இல் 'ஸ்வரமேளகலாநிதி' என்ற இசை நூலை எழுதி முடித்தார். அதில் இரண்டு விதமான வீணைகளைச் சொல்கிறார். ஒன்று ஏகராக மேள வீணை. இன்னொன்று சர்வராக மேள வீணை.

ஏகராகம் என்றால் ஒரு ராகத்துக்கு உரியது. அந்த ராகத்துக்கு என்னென்ன சுரம் தேவையோ அவற்றுக்கு மட்டும் மெட்டு இருக்கும். வாசிப்பது சுலபம், தப்பான சுரத்தில் விரல் விழாது. ஆனால் அடுத்த ராகத்துக்குப் போக வேண்டுமென்றால் மெட்டுகளை நகர்த்தி வைக்க வேண்டும். இன்றைக்கும் வடக்கே சிதாரில் மெட்டுகளைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ராகத்துக்கு ஏற்ப சில மெட்டுகளை மேலே கீழே தள்ளிக்கொள்வார்கள். அதே காலத்து ஐரோப்பாவில் லூட் என்ற கருவிக்கும் குடல் நரம்பால்தான் மெட்டு கட்டினார்கள். ஆகவே நகரும் மெட்டு என்பது அன்று ஊர் உலகத்து வழக்கம்.

சர்வராகம் என்றால் எல்லா ராகத்துக்கும் பொது. சுரங்கள் வரக்கூடிய எல்லா இடத்திலும் மெட்டு நிலையாக இருக்கும். எந்த ராகம் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எதையும் நகர்த்த வேண்டாம். ஆனால் எந்த மெட்டைத் தொட வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை வாசிப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொறுப்பு கருவியிடமிருந்து மனிதரிடம் வந்துவிடுகிறது.

இரண்டில் எது? இந்தக் கேள்வி தஞ்சாவூரில்தான் முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம்.

ரகுநாத நாயக்கர் காலம்

தஞ்சாவூர் நாயக்கர் ஆட்சி 1532 முதல் 1673 வரை. அதில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் ரகுநாத நாயக்கர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவர் பெயர் தரங்கம்பாடியோடு சேர்ந்து வரும். 1620-இல் டென்மார்க்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தது இவர்தான். போரும் வணிகமும் பார்த்த அதே மனிதர் வீணையும் வாசித்தார், கவிதையும் எழுதினார். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர், காவிரிக் கரையில் இன்றும் பேர் சொல்லப்படும் ஆள். இவர்கள் காலத்து நூலான 'சங்கீத சுதா'வில் ரகுநாதரின் பெயரிலேயே ஒரு மேள வீணை பேசப்படுகிறது.

நான்கு வாசிக்கும் தந்தி, 24 நிலையான மெட்டு என்ற இன்றைய வீணையின் உருவத்தைக் கொடுத்தவர் ரகுநாத நாயக்கர் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. "ரகுநாதர் வீணையைக் கண்டுபிடித்தார்" என்று சில இடங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். நிலையான மெட்டு என்ற யோசனை அவருக்கு முன்பே, 1550-இல் ஏட்டில் ஏறிவிட்டது. இருந்த இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செம்மைப்படுத்தி, மற்றவர்களும் அதையே பின்பற்றும்படி நிறுத்தியதுதான் தஞ்சாவூரின் வேலை. வரலாற்றில் பல நேரம் கண்டுபிடித்தவரைவிட நிலைநிறுத்தியவர்தான் பெயர் வாங்குகிறார். தஞ்சாவூர் வீணை என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

24-இன் கணக்கு இதுதான். ஒரு ஸ்தாயிக்கு 12 சுர இடம். ஒரு தந்தியில் இரண்டு ஸ்தாயி, ஆக 24 மெட்டு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நான்கு தந்திகளையும் சேர்த்துப் பார்த்தால் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேலே ஏறக்குறைய மூன்றரை ஸ்தாயி கிடைக்கிறது. பக்கத்தில் தாளத்துக்கும் சுருதிக்கும் இன்னும் மூன்று தந்தி. மொத்தம் ஏழு.

மேளம் என்ற ஒரு சொல்

கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி. 'சதுர்தண்டிப் பிரகாசிகை' எழுதியவர். கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தாக்களுக்கு அடிப்படை போட்டது இந்த நூல். கணக்கைப் பார்த்தால் ரொம்ப எளிமை. ரி-க இரண்டும் சேர்ந்து வரக்கூடிய விதம் 6. த-நி சேர்ந்து வரக்கூடிய விதம் 6. மத்தியமம் 2. 6 x 6 x 2 = 72.

ஆனால் இந்தப் பெருக்கல் ஒருவர் மனதில் தோன்ற வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்க வேண்டும். சுர இடங்கள் பன்னிரண்டு என்று ஓரிடத்தில் உட்கார்ந்து நிற்க வேண்டும். ராகத்துக்கு ராகம் மெட்டு நகர்ந்துகொண்டிருந்தால் எதை எண்ணுவது, எதைப் பெருக்குவது? நிலையான மெட்டுள்ள வீணை கண்முன்னே இருந்த ஊரில், அதைச் செம்மைப்படுத்திய அரண்மனையைச் சேர்ந்த குடும்பத்தில், இந்தக் கணக்கு பிறந்தது தற்செயல் மாதிரித் தெரியவில்லை. வேங்கடமகி தம் நூலில் வீணைக்கு என்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்.

இன்னொரு சுவாரசியம். 'மேளம்' என்ற சொல் ஆதியில் வீணையில் மெட்டுகளை அமைக்கும் முறையைத்தான் குறித்தது என்கிறார்கள் இசை ஆய்வாளர்கள். அதிலிருந்துதான் ராகங்களின் தாய் வரிசைக்கு மேளம் என்ற பெயர் போயிற்று. கச்சேரி மேடையில் "இது எத்தனையாவது மேளம்?" என்று கேட்கும்போது நாம் பேசுவது, ஏதோ ஒரு பட்டறையில் மெழுகுக் கையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தொழில் வார்த்தை!

கணக்கு சொல்லும் இடமும் காது சொல்லும் இடமும்

ஏறக்குறைய அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலைகளிலும் இதே பன்னிரண்டைப் பற்றி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். சீனத்தில் மிங் வம்சத்து இளவரசர் சூ சாய்யூ 1584-இல் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் கணக்கைப் போட்டார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் அதே கணக்கைத் தனியாகப் போட்டார். இன்றைய கிட்டார் அந்த வழியில் வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் விகிதம் 1.0595. பன்னிரண்டாவது கட்டை தந்தியின் சரிபாதியில் இருக்கும். கணக்கு முடிந்தது, கம்பியை மரத்தில் அடித்துவிடலாம்.

இந்த முறையில் ஒரு சிறு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இயற்கையான விகிதம் 1.5. கிட்டார் கணக்கில் அது 1.4983. காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தர காந்தாரத்தின் இயற்கையான விகிதம் 1.25. கிட்டாரில் 1.2599. இது கூர்ந்த காதுக்குத் தெரியும். பல சுருதிகளுக்கு மாறி மாறி, பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கிட்டாருக்கு இந்தச் சமரசம் வேண்டும். வீணையில் ஸட்ஜமும் பஞ்சமமும் பக்கத் தந்தியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த அடிச்சுருதியோடு ஒவ்வொரு சுரமும் இழைய வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் உறுத்தும்.

இங்கேதான் மெழுகு வருகிறது. தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து தண்டியின் இரண்டு பக்கமும் கரை கட்டி, அதன்மேல் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இருபத்துநான்கும் நிலையானவைதான். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காது தீர்மானிக்கிறது. கொஞ்சம் சூடு காட்டினால் மெழுகு இளகும், ஒரு மயிரிழை நகர்த்தலாம். ஏகராக வீணையின் நெகிழ்வு முழுவதும் போய்விடவில்லை. வாசிப்பவர் கையிலிருந்து மேளம் கட்டுபவர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தைக் கமகம் பார்த்துக்கொள்ளும். மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மெட்டுக்கு நடுவிலுள்ள நுட்பமான இடங்களையெல்லாம் தொட்டுவிடலாம்.

பலா மரம், குடம், குதிரை

சரி, வீணை வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மரம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறது. புது மரம் மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகப் பழுப்பேறும். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பின்னால் தண்டி வளைந்து மெட்டுகள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அடுத்தது அமைப்பு. குடம், தண்டி, யாளி முகம் வரை ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை. மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தது சாதா வீணை. ஏகாந்த வீணைக்குப் பெரிய அடிமரம் வேண்டும், குடைந்தெடுக்கும் மரத்தில் பெரும்பகுதி சிராயாகப் போய்விடும், வேலையும் அதிகம். அதனால் விலையும் அதிகம். இணைப்பு இல்லாததால் நாதம் தடையில்லாமல் ஓடும் என்பது ஏகாந்த வீணைக்காரர்களின் கட்சி. நன்றாகச் செய்த சாதா வீணையும் இனிமையாகவே பேசும்.

மூன்றாவது குதிரை. குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம். அதன்மேல் பதித்திருக்கும் உலோகத் தகடு தட்டையாக இல்லாமல் மெல்ல வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசிப் போகிறது. வீணைக்கே உரிய அந்த ரீங்காரம் அங்கிருந்துதான் பெருமளவு பிறக்கிறது. காவிரிக் கரையிலுள்ள திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1921-இல் கட்டுரை எழுதினார். ஒரு தந்தியைக் குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் சில மேலொலிகள் எழவே கூடாது என்பது அன்றைய இயற்பியல் விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை எழுகின்றன, அதற்குக் காரணம் இந்த வளைந்த குதிரை என்று காட்டினார். ராமன் விளைவுக்கு ஏழு வருஷம் முந்திய வேலை இது.

பன்னிரண்டு தந்தி கிட்டார் செய்பவர்கள் தேடியதும் இதே செழுமையைத்தான். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு ஜோடி போட்டு, கீழ்த் தந்திகளுக்கு மேல் ஸ்தாயியில் துணை கொடுத்து, ஒலியை நிறைத்தார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் தந்தியைக் கூட்டாமல் குதிரையை வளைத்தார்கள்.

கடைசியில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். மந்தரத் தந்தியை ஒரு மீட்டு மீட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படித் தேய்கிறது என்று கவனிக்க வேண்டும். பிருடைகள் வழுக்காமல் சுருதியைப் பிடித்து நிற்கின்றனவா என்று திருகிப் பார்க்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு, குடத்தை வலப்பக்கம் தரையில் வைத்து, சுரைக்குடுக்கையை இடது தொடையில் தாங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உடம்புக்குப் பொருந்தாத வீணை எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலையில்தான் நிற்கும்.

அண்ணனுக்கு வீணை, தம்பிக்கு வயலின்

தஞ்சாவூர் வட்டாரம் பழையதைக் கட்டிக்கொண்டு மட்டும் இருந்ததில்லை. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் வீணை வித்வான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அன்று புதிதாக வந்த ஐரோப்பிய வயலினைக் கற்று அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்து, 1834-இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்த வயலின் பரிசாகப் பெற்றார்.

வயலினுக்கு மெட்டே கிடையாது. குரல் போகும் இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு கூடவே போகும், சத்தமும் அதிகம். பக்கவாத்திய இடம் அதற்குப் போனதில் ஆச்சரியமில்லை. வீணை தனி ஆவர்த்தனமாக, வீட்டுக் கூடத்து வாத்தியமாக நின்றது.

அந்தக் கூடத்திலும் அது சாதித்தது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைஞர்களின் வழியில் வந்த வீணை தனம்மாள் (1867 - 1938) சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். மெல்லிய ஒலி, மைக் கிடையாது. கேட்க வேண்டுமென்றால் கேட்பவர்தான் அமைதியாக வேண்டும். காரைக்குடி சகோதரர்களில் சாம்பசிவ ஐயர் வீணையைக் கிடத்தி வாசிப்பார், அண்ணன் சுப்பராம ஐயர் நிறுத்தி வாசிப்பார். ஒரே வீட்டில் இரண்டு பழக்கம். பின்னால் மைக்கும், குடத்தில் ஒட்டும் பிக்கப்பும் வந்தன. எஸ். பாலசந்தர், சிட்டிபாபு போன்றவர்கள் வீணையைப் பெரிய அரங்குகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் கொண்டு போனார்கள்.

பெயர் பத்திரம், காது?

2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.  இனி வேறு ஊரில் செய்ததைத் தஞ்சாவூர் வீணை என்று விற்க முடியாது. நல்ல விஷயம்தான்.

ஆனால் புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும். தஞ்சாவூரில் இந்தத் தொழிலைச் செய்யும் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மாதச் சம்பளம் வருகிற இடத்துக்குத்தானே யாரும் போவார்கள்? மரம் குடைவதற்காவது நாளைக்கு ஒரு இயந்திரம் வரலாம். கையில் எடுத்துப் போகக்கூடிய மின்னணு வீணை ஏற்கெனவே வந்துவிட்டது. மேளம் கட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

மெழுகு நிரந்தரமில்லை என்பதுதான் காரணம். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் அது இளகும், மெட்டு நகரும். வருஷக்கணக்கில் வாசித்தால் தந்தி உரசி மெட்டில் பள்ளம் விழும். அப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்ட வேண்டும். ஆகவே வீணை வாங்குகிறவர் ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை தேடிப் போகவேண்டிய ஒரு மனிதரின் காதையும் சேர்த்தே நம்பி வாங்குகிறார். அந்த மனிதர் இல்லாமல் போனால், வீட்டில் இருக்கும் வீணைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி விலகி, ஒரு நாள் ஷோகேஸுக்குப் போய்விடும்.

நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிந்தது. அதற்குப் பின் வந்த மராட்டியர் ஆட்சியும் முடிந்தது. வேங்கடமகியின் கணக்கு புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு சுரமும் வீணையில் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் எந்தப் புத்தகத்திலும் முழுசாக ஏறவில்லை. அது ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு வீணைக்கு ஆர்டர் வரும்போதெல்லாம், அந்த மெழுகு மறுபடி ஒரு தடவை இளகுகிறது.